இரண்டாவது லாரியில் ஒரு பந்து

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் டெல்டாவோடு நிற்கவில்லை. தென்னையைச் சாய்த்து, ஓட்டைப் பிடுங்கி, மின்கம்பத்தை முறித்தபடி மேற்கே நகர்ந்து, திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்துதான் கேரளத்துக்குப் போனது. கடற்கரைக்காரர்களின் கவலை என்று திண்டுக்கல் அதுவரை எண்ணியிருந்த புயல், அன்று அதன் வாசலுக்கே வந்தது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன.

திண்டுக்கல்லில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற சிறுமலைக்கு இந்தச் செய்தியின் பொருள் நன்றாகவே புரியும். நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். வாழை, எலுமிச்சை, மிளகு, காபி என்று மலையில் விளைவதெல்லாம் கீழே இறங்க வேண்டும். அரிசி, மருந்து, பாடப்புத்தகம் எல்லாம் மேலே ஏற வேண்டும். தோட்டத்துக் குறுகிய தடங்களில் இன்றும் குதிரைதான் மூட்டை சுமக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வளைவில் மரம் சாய்ந்தாலே அன்றைய பஸ் இல்லை. மண் சரிந்தால் எத்தனை நாளுக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

கஜாவுக்குப் பிறகு தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து டெல்டாவுக்கு லாரிகள் போயின. அந்த லாரிகளில் என்ன ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்: அரிசி, பருப்பு, தண்ணீர் பாட்டில், பாய், போர்வை, தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பிஸ்கட், பால் பவுடர், நாப்கின். நல்ல பட்டியல், பல பேரிடர்களில் பட்டுத் தெரிந்துகொண்ட பட்டியல். அதில் ஒரு வரி சேர வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது. முதல் லாரியில் வேண்டாம். சோறும் கூரையும் மருந்தும் போய்ச் சேர்ந்த பிறகு, பத்து நாளோ இருபது நாளோ கழித்துப் போகிற இரண்டாவது லாரியில் ஒரு பந்து, ஒரு நெட், நான்கு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு கேரம் போர்டு இருக்க வேண்டும். அதுவும் கேட்டறிந்து, முழுதாக, ஆள் பொறுப்புடன் போக வேண்டும்.

“கஞ்சிக்கே வழியில்லாதவனுக்குப் பந்தா?” என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான். ஆனால் முகாமில் ஒரு பிள்ளையின் பகல் பொழுது எப்படிக் கழிகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அப்பா இடிந்த வீட்டை அளக்க வரும் கிராம நிர்வாக அலுவலருக்காகக் காத்திருக்கிறார். அம்மா டோக்கன் வரிசையில் நிற்கிறார். பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, அல்லது பள்ளிக்கூடமே முகாமாகியிருக்கிறது. பெரியவர்கள் இருட்டு விழும் வரை கணக்குப் போடுகிறார்கள்: எத்தனை மரம் போயிற்று, எவ்வளவு கடன் நிற்கிறது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, செய்வதற்கு எதுவுமில்லாமல், ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது பத்து வயது. பேரிடர் அந்தப் பிள்ளையிடமிருந்து வீட்டோடு சேர்த்து மாலை நேரத்தையும் எடுத்துக்கொண்டது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. வெள்ளம் வந்தால் அந்தப் பிரிவு செல்லாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

கொடுப்பதில் எப்படித் தவறலாம் என்பதைத் தமிழ்நாடு 2004 சுனாமியில் கண்கூடாகப் பார்த்தது. டிசம்பர் 26க்குப் பிந்தைய வாரங்களில் நாகப்பட்டினத்தை நோக்கி நாடெங்கும் இருந்து பழந்துணி வந்து குவிந்தது. மீனவப் பெண்கள் உடுத்தாத உடைகள், கிழிசல்கள், கம்பளிகள். சாலையோரங்களில் துணி மலைமலையாகக் கிடந்து மழையிலும் வெயிலிலும் நாறியது. மானமாக வாழ்ந்த குடும்பங்கள் அதைத் தொட மறுத்தன. மறுத்ததில் தவறே இல்லை. டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அப்படி வீணாய்க் கிடந்த துணிகளைச் சேகரித்து, பிரித்து, பயன்படும் பொருளாக மாற்றும் வேலையில் இறங்கியது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

பழந்துணிக்கு நேர்ந்தது பழைய பந்துக்கும் நேரும். வீட்டுப் பரணில் கிடக்கும் நரம்பறுந்த பேட்மின்டன் மட்டை, ஒற்றைக்கால் பேட், கைப்பிடி ஆடுகிற கிரிக்கெட் மட்டை இவற்றையெல்லாம் மூட்டையாகக் கட்டி அனுப்பினால் அது தானம் ஆகாது. தன் வீட்டுக் குப்பையை இன்னொருவர் வாசலில் கொட்டுவதாகிவிடும். தன் பிள்ளையின் கையில் கொடுக்கத் தயங்குகிற எதையும் லாரியில் ஏற்றக் கூடாது.

இதில் யுனிசெஃப் நெடுநாளாகக் கையாளும் முறை கவனிக்கத்தக்கது. பேரிடர் இடங்களுக்கு அது அனுப்பும் விளையாட்டுப் பெட்டியில் பல வகைப் பந்துகள் இருக்கும். ஸ்கிப்பிங் கயிறு இருக்கும். அவற்றோடு அணி பிரித்துக் காட்ட வண்ண மேலாடைகள், கோடு போடச் சுண்ணக்கட்டி, ஆடுகளத்தை அளக்க அளவு நாடா, நடுவருக்கு விசில், புள்ளி எழுத ஒரு பலகையும் இருக்கும். பெட்டியைத் திறந்த அரை மணி நேரத்தில் வெற்று நிலம் ஆடுகளமாகிவிடும். பந்தை மட்டும் கொடுத்தால் பலசாலிப் பையன்கள் நான்கு பேர் அதை வைத்துக்கொள்வார்கள். விசிலும் வண்ண ஆடையும் சேர்ந்தால் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும் ஓர் அணி கிடைக்கும். பெட்டியை வடிவமைத்தவர்களுக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் அப்படிப்பட்ட பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள்: காற்றடிக்கும் பம்ப், அதற்குரிய ஊசியோடு. கிராமத்து வாலிபால் குழு எதிலாவது ஆடியவரைக் கேட்டால் தெரியும், பந்து கிழிந்து ஆட்டம் நின்ற நாளைவிட ஊசி தொலைந்து ஆட்டம் நின்ற நாள்தான் அதிகம். சைக்கிள் கடைக்காரரிடம் ஓடினால் சைக்கிள் வால்வுக்கான முனை இருக்கும், பந்துக்கான ஊசி இருக்காது. புயலடித்த ஊரில் சைக்கிள் கடையே திறந்திருக்காது. முள்ளும் ஆணியும் கண்ணாடியும் சிதறிக் கிடக்கிற நிலத்தில் பந்து பஞ்சராவதும் வழக்கத்தைவிட அதிகம். அமெரிக்காவின் டிம் யானிகன் இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தார். சூடானின் டார்ஃபூர் அகதி முகாம் பிள்ளைகள் குப்பையைச் சுருட்டிக் கட்டிய உருண்டையை உதைத்து ஆடியதைத் தொலைக்காட்சியில் கண்டவர், காற்றே அடிக்கத் தேவையில்லாத, குத்தினாலும் வடிவம் குலையாத ஒரு பந்தை உருவாக்கினார். பாடகர் ஸ்டிங் பண உதவி செய்தார். 2010இல் ‘ஒன் வேர்ல்ட் ஃபுட்பால்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. அந்தப் பந்துதான் வேண்டும் என்பதில்லை. பெறுகிறவர் எந்த நிலத்தில், எந்தக் கடைவீதிக்கு நடுவே ஆடப் போகிறார் என்று யானிகன் யோசித்தாரே, அந்த யோசனை வேண்டும்.

நிலம் என்றதும் மலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மலை ஊரில் சமதளம் கிடைப்பது அரிது. கிரிக்கெட் பந்தை ஓங்கி அடித்தால் அது காபித் தோட்டத்துக்குள் போய்விடும். தேடுவதிலேயே மாலை முடியும். கால்பந்து சரிவில் உருண்டால் அடுத்த வளைவில்தான் நிற்கும். வாலிபாலுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் சமதளம் போதும், சுற்றிலும் கொஞ்சம் இடம். ஆண்கள் கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். மண்ணைக் கொத்திப் புரட்டி, கல் பொறுக்கிவிட்டால் ஆடலாம். ஆகவே சிறுமலை மாதிரி ஊர்களுக்கு ஒரு வண்டி நிறையக் கிரிக்கெட் மட்டையை அனுப்புவதைவிட இரண்டு வாலிபால் நெட்டும் ஆறு பந்தும் அனுப்புவது பத்து மடங்கு மேல். சமவெளிக்கு இது பொருந்தாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழையை வாங்கிய காயல்பட்டினம் கால்பந்தில் ஊறிய ஊர். அகில இந்திய அளவில் கால்பந்துப் போட்டி நடத்தும் ஊர் அது. அங்கே போய் வாலிபால் நெட்டை நீட்டினால் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள், மூலையில் வைத்துவிடுவார்கள்.

கேட்க வேண்டிய இடத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் இந்தத் தவறு நேராது. பள்ளியின் பி.இ.டி. சார், ஊர் விளையாட்டுக் குழுவின் இளைஞர்கள், ஊராட்சித் தலைவர் மூவரில் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். என்ன ஆடுவீர்கள், எத்தனை பேர், எந்த வயது? கடைசிக் கேள்வி அற்பமானதாகத் தெரியலாம். கால்பந்தில் 5ஆம் எண் அளவு 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு; 8 முதல் 12 வரை 4ஆம் எண்; அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு 3. நல்லெண்ணத்தில் எல்லாமே ஐந்தாம் எண்ணாக வாங்கி அனுப்பினால் ஏழு வயதுக் கால் வலியில் ஒதுங்கிக்கொள்ளும்.

பொருள் போய்ச் சேரும் நேரமும் முக்கியம். முதல் வாரம் மழை விட்டிருக்காது. முகாம் கல்யாண மண்டபத்திலோ வகுப்பறையிலோ இருக்கும். அப்போது வாலிபால் நெட்டுக்கு வேலை இல்லை. கேரம், செஸ், ஸ்கிப்பிங் கயிறு, ரப்பர் வளையம் இவைதான் அந்த நாள்களுக்குப் பொருத்தம். இதில் பணமே செலவாகாத வழியும் உண்டு. புளியங்கொட்டை கைப்பிடி இருந்தால் பல்லாங்குழி. தரையில் சுண்ணாம்பால் கட்டம் கீறினால் தாயம், ஆடுபுலி ஆட்டம். கரண்ட் வராத ராத்திரிகளில் பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார இவற்றைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கஜாவுக்குப் பிறகு டெல்டாவின் கிராமங்களில் மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின என்பதை மறந்துவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். விளையாட்டுப் பொருள் என்றதும் கொடுப்பவர் மனத்தில் வருவது கிரிக்கெட் ஆடும் பையன்தான். கிரவுண்டு அவனுடையது, பந்து அவனுடையது, மாலை ஆறு மணி வரை வெளியே இருக்கும் உரிமையும் அவனுடையது. முகாமிலோ தங்கை தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், குடத்தோடு லாரித் தண்ணீருக்கு ஓடுகிறாள். அவளுக்கென்று எறிபந்தும் ரிங்கும் கயிறும் தனியாகப் பெயரிட்டுக் கொடுக்க வேண்டும். ஆடுவதற்கு ஒரு நேரமும் ஒதுக்க வேண்டும். பொதுவாகக் கொடுத்தால் அது அவளிடம் வந்து சேராது.

எவ்வளவு பொருள் கொடுத்தாலும் ஆட இடம் வேண்டும். பேரிடரில் முதலில் பறிபோவது ஊர்ப் பொட்டல்தான். நிவாரணக் கிடங்கு அங்கே, லாரி நிற்பது அங்கே, முறிந்த மரமும் உடைந்த ஓடும் கொட்டுவது அங்கே. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் பல பள்ளி மைதானங்களில் தற்காலிக வீடுகளைக் கட்டினார்கள். வீடு இழந்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் பிள்ளைகள் ஓட இடமின்றிப் போயிற்று. அதே ஜப்பானில்தான் கமாய்ஷி நகரம், ஆழிப்பேரலையில் அழிந்த இரண்டு பள்ளிகள் நின்ற இடத்தில் ரக்பி அரங்கம் எழுப்பியது. 2019 செப்டம்பர் 25 அன்று அங்கே ஃபிஜியும் உருகுவேயும் உலகக் கோப்பை ஆட்டம் ஆடின. நம் ஊராட்சிகளிடம் அரங்கம் கேட்கவில்லை. மைதானத்தின் ஒரு மூலையை, ஆணியும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் அறுந்த கம்பியும் இல்லாமல் ஜே.சி.பி. வைத்துச் சுத்தம் செய்து, பிள்ளைகளுக்கென்று கயிறு கட்டிக் கொடுத்தால் போதும். அரை நாள் வேலை. பந்து வாங்கும் கொடையாளர் அந்த அரை நாள் ஜே.சி.பி. வாடகையையும் ஏற்றுக்கொண்டால் பந்துக்குப் பொருள் வரும்.

அடுத்தது ஆள். தமிழகச் சுனாமிக்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2003 டிசம்பர் 26 அன்று, ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்தது. அங்கே சுவிட்சர்லாந்தின் ஓர் ஆய்வு நிறுவனம் பிள்ளைகளுக்காக விளையாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தி, அதன் விளைவை மதிப்பிட்டது. பயிற்சியாளரின் பங்குதான் எல்லாவற்றுக்கும் மையம் என்று அந்த மதிப்பீடு கண்டது. வாரந்தோறும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பெரியவர் இருந்தால் பிள்ளை அவரைச் சுற்றி மறுபடி ஒரு நாளை அமைத்துக்கொள்கிறது. நம் பள்ளிகளில் பி.டி. பீரியடு என்றால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் பீரியடு என்று ஆகிவிட்டது. பேரிடர் ஊர்களிலாவது அந்த வழக்கம் சில மாதங்கள் நிற்கட்டும்.

கடலுக்கு அப்பால் ஒரு நல்ல சான்று இருக்கிறது. இலங்கையின் தென்கரைச் சிற்றூர் சீனிகம, 2004 சுனாமியில் சிதைந்தது. அந்த ஊர்க்காரரான குஷில் குணசேகரவும் முத்தையா முரளிதரனும் சேர்ந்து நின்று, ‘ஃபவுண்டேஷன் ஆஃப் குட்னஸ்’ அமைப்பின் வழியாக ஊரைத் திரும்பக் கட்டினார்கள். லண்டனின் எம்.சி.சி. கிரிக்கெட் கழகத்தின் உதவியோடு அங்கே ஒரு மையம் எழுந்தது. கிரிக்கெட் மைதானம் மட்டுமின்றி நீச்சல் குளம், கணினி, ஆங்கிலம், பெண்களுக்கான பயிற்சி என்று அது விரிந்தது. பின்னாளில் போரால் சிதைந்த வடக்குக்கும் அந்தப் பணி போயிற்று. மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வீரர் ஒருவர் சிங்களச் சிற்றூரின் பிள்ளைகளுக்காக நின்றார் என்பது அந்த நாட்டில் சின்னச் செய்தி அல்ல. சீனிகமவில் பொருள் ஒரு தடவை வந்து இறங்கியதோடு முடியவில்லை; ஆண்டுக்கணக்கில் ஆள்கள் தொடர்ந்து வந்தார்கள்.

பெரிய மேடைகளும் இருந்தன. 2005 ஜனவரி 10 அன்று மெல்போர்னில் உலக அணியும் ஆசிய அணியும் ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தை 70,000 பேர் பார்த்தார்கள். சுனாமி நிதிக்குப் பல லட்சம் டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் தேவை, அந்த மேடையும் தேவை. ஆனால் சுனாமி காலத்தில் உலகம் மறக்காத விளையாட்டுப் பொருள் எது என்றால், இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் மூன்று வாரம் தனியாக உயிர் பிழைத்துக் கிடந்த மார்துனிஸ் என்ற சிறுவன் அணிந்திருந்த போர்ச்சுகல் அணியின் சட்டைதான். ரொனால்டோ அவனைத் தேடிப் போய்ப் பார்த்தார். பின்னாளில் அவன் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகப் பயிற்சிக்கூடத்தில் இடம் பெற்றான். மார்துனிஸுக்கு ரொனால்டோ கிடைத்தார். மற்ற ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்தான் கிடைப்பார்கள்.

அந்தப் பக்கத்து மாவட்டமாகத் திண்டுக்கல் இருக்க முடியும். அதற்கான எல்லாம் இங்கே இருக்கின்றன. திண்டுக்கல்–நத்தம் சாலையில்தான் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், 2016இலிருந்து டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும் இடம். அஸ்வின் தலைமையில் 2024இல் கோப்பையைத் தூக்கிய அணியின் பெயரில் இந்த ஊர் இருக்கிறது. ஆட்டம் பார்க்க வருகிற கூட்டத்திடம் நுழைவாயிலில் ஒரு பெட்டி வைத்து, புதிய பந்து ஒன்று கொண்டுவாருங்கள் என்று முன்கூட்டியே கேட்டால் ஒரே மாலையில் ஒரு தாலுகாவுக்குச் சேர்ந்துவிடும். சிறுமலையின் இன்னொரு பக்க அடிவாரத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் சௌந்திரம் அம்மாளும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். கிராமத்துக்குப் போய் வேலை செய்வதே படிப்பு என்று வைத்த இடம். பொருளோடு போய் ஒரு மாதம் தங்கி ஆடவைக்கும் இளைஞர்களை அங்கிருந்து எதிர்பார்ப்பது பேராசை அல்ல.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருள்கள் என்று அறிவித்தது அரசு. நல்ல திட்டம். அந்தப் பொருள்கள் தங்கும் ஊராட்சிக் கட்டடம் வெள்ளத்தில் மூழ்கினால்? கார்க் பந்து ஒரு தடவை ஊறினால் முடிந்தது. மட்டை வீங்கி வெடிக்கும். கேரம் போர்டு அப்பளமாக வளையும். 2015 வெள்ளத்தில் புத்தகம் இழந்த மாணவர்களுக்கு அரசு மீண்டும் பாடநூல் கொடுத்தது. அதே வழக்கத்தை விளையாட்டுப் பெட்டிக்கும் நீட்டி, சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

வாங்குகிறபோது ஒரு யோசனை. ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும் மொத்தமாகத் தருவிப்பது மலிவு. ஜலந்தரின் விளையாட்டுப் பொருள் தொழிலே 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு எல்லாம் இழந்து வந்தவர்கள் எழுப்பியதுதான். இழப்பிலிருந்து எழுந்தவர்களின் கைவேலை இது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இருந்தாலும், பாதிக்கப்பட்ட ஊரிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கடை இருக்கும். அதற்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கும். நெட்டையும் விசிலையும் அந்தக் கடைக்காரரிடமே வாங்கினால் ஒரே பணம் இரண்டு குடும்பத்துக்குப் போகிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் திண்டுக்கல்லின் பள்ளிகளும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து இருபது தகரப் பெட்டிகளைத் தயார் செய்து வைத்துவிட முடியும். பாதி மலைக்கு, பாதி சமவெளிக்கு. மலைப் பெட்டி குதிரை முதுகில் ஏறுகிற அளவுக்கு இருக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தில் பொருள்களின் பட்டியலைத் தமிழில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பம்ப்; ஊசி மட்டும் ஒன்றல்ல, குறைந்தது ஐந்து போட்டு, மூடியிலேயே நூல் கட்டித் தொங்கவிட வேண்டும்.